ஒரு வரி ஜோக்குக்கு ஐந்நூறு லைக், யோசித்து எழுதிய பதிலுக்கு நாலு: ஏன் இப்படி?

கேள்வி கேட்டவர் சொன்னது இது. ஒரு குழுவில் யாரோ சந்தேகம் கேட்கிறார்கள். இவர் உட்கார்ந்து, சரிபார்த்து, பத்தி பிரித்து ஒரு பதில் எழுதுகிறார். நாலு லைக் வருகிறது. அதற்குக் கீழே இன்னொருவர் ஒரு வரி கிண்டல் போடுகிறார், ஐந்நூறு பேர் சிரிப்புக் குறி போடுகிறார்கள். "யோசித்து எழுதுவதற்கு மதிப்பே இல்லையா, இல்லை நான் எழுதுவதுதான் சரியில்லையா?" என்று முடித்திருக்கிறார்.

இரண்டும் இல்லை. லைக் பொத்தான் பதிலின் தரத்தை அளக்கவே இல்லை என்பதுதான் நேரடியான பதில். ஒன்றைப் பார்த்து முடிவெடுக்க எவ்வளவு நேரம் ஆகும், அந்த முடிவை எடுக்க எத்தனை பேரால் முடியும், எடுத்தால் ஏதாவது வம்பு வருமா, இந்த மூன்றைத்தான் அது அளக்கிறது. மூன்றிலும் ஜோக் ஜெயிக்கும், விரிவான பதில் தோற்கும். பிறகு அந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு தளம் எதை மேலே காட்டுவது என்று முடிவு செய்யும்போது இந்தச் சின்ன வித்தியாசம் மலையாகிவிடுகிறது.

நான் பல ஆண்டுகளாக ஒரு மாடித்தோட்டக் குழுவின் அட்மின்களில் ஒருவனாக இருக்கிறேன், அதனால் அங்கிருந்தே ஒரு உதாரணம். "மிளகாய்ச் செடியில் இலை சுருளுது, என்ன பண்றது?" இந்தக் கேள்வி எங்கள் குழுவில் ஓயவே ஓயாது. இதற்கு ஒருவர் எழுதும் நல்ல பதில் எப்படி இருக்கும்? இலை படகு மாதிரி மேல்நோக்கி மடிகிறதா, கீழ்நோக்கி மடிகிறதா என்று முதலில் பாருங்கள். மேல்நோக்கி என்றால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கி என்றால் சிலந்திப்பேன். முன்னதற்கு வேப்பெண்ணெய்க் கரைசலை இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடிக்கலாம், பின்னதற்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) கேட்கும். இரண்டும் இல்லாமல் செடியே குட்டையாகி, கொத்துக் கொத்தாக இலை சிறுத்துப் போனால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸாக இருக்கலாம், அப்போது மருந்து தேடாமல் செடியைப் பிடுங்கிவிடுவதுதான் மற்ற செடிகளுக்கு நல்லது. இதற்குக் கீழே இன்னொருவர்: "பார்லருக்குக் கூட்டிட்டுப் போய் ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணுங்க." நல்ல ஜோக்தான், நானும் சிரித்தேன்.

இப்போது ஸ்க்ரோல் பண்ணிக்கொண்டு வருகிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஜோக்கைப் படிக்க இரண்டு வினாடி, சிரிப்பு வந்ததா இல்லையா என்பது அந்த இரண்டு வினாடிக்குள் தெரிந்துவிடும், விரல் அங்கேயே இருக்கிறது, தட்டிவிட்டுப் போகிறார். மேலே உள்ள பதிலைப் படிக்கவே ஒரு நிமிடம் வேண்டும், படித்தபின் அது சரியா என்று சொல்ல மிளகாய் வளர்த்திருக்க வேண்டும், வளர்த்திருந்தாலும் இலையைத் திருப்பிப் பார்த்த அனுபவம் வேண்டும். தெரியாத ஒன்றுக்கு லைக் போட மனசாட்சி உள்ளவர் தயங்குவார். சரி, யாருக்கு அந்தப் பதில் உண்மையிலேயே உதவுமோ அவர் என்ன செய்வார்? போனை வைத்துவிட்டு மாடிக்குப் போவார். இலையைப் பார்ப்பார், கடைக்குப் போவார், மருந்து அடிப்பார், புதுத்தளிர் சுருளாமல் வருகிறதா என்று காத்திருப்பார். அந்தப் பதில் நல்ல பதில் என்பதற்கான உண்மையான சாட்சி அவரிடம் வந்து சேரும்போது ஒன்றிரண்டு வாரம் ஓடியிருக்கும், அந்தப் போஸ்ட் எங்கேயோ அடியில் புதைந்திருக்கும். பயனுள்ள பதிலுக்கான வாக்கு, வாக்குப்பெட்டியை மூடிய பிறகுதான் தயாராகிறது. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

வாசகர்கள் செய்தி இணைப்புகளைப் பகிர்ந்து வாக்களிக்கும் ஹேக்கர் நியூஸ் தளத்தை 2007-ல் தொடங்கிய பால் கிரஹாம், இரண்டு வருடம் அதை நடத்திய அனுபவத்தில் 2009-ல் இதைப் பற்றி எழுதினார். வாசகர்கள் வாக்களித்து வரிசைப்படுத்தும் எந்த இடத்திலும், தடுக்க முயற்சி எடுக்காவிட்டால், எடைபோட எளிதானவையே எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்பது அவர் கண்டது. அவர் சொன்னது இணைப்புகளைப் பற்றி, ஆனால் கமெண்டுக்கும் அது அப்படியே பொருந்தும். இதில் யாரும் முட்டாள் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆழமான பதிலை மதிக்கும் நூறு பேரும் ஜோக்கை ரசிக்கும் நூறு பேரும் அதே நூறு பேராகவே இருக்கலாம். ஒரே ஆள் பத்து நிமிடத்தில் நாற்பது ஜோக்குக்கு லைக் போட முடியும், அதே பத்து நிமிடத்தில் ஐந்தாறு நல்ல பதில்களைத்தான் படித்து எடைபோட முடியும். ஆக, அவருடைய வாக்கில் பெரும்பகுதி அவர் விரும்பாமலேயே ஜோக்குகளுக்குப் போய்ச் சேர்கிறது.

படிக்காமலே வாக்களிப்பதும் உண்டு, அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வாசகர்களே பதிவிட்டு வாக்களிக்கும் ரெடிட் தளத்தைப் பயன்படுத்தும் 309 பேரை ஒரு வருடம் அவர்கள் சம்மதத்தோடு கவனித்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், வாக்களிக்கப்பட்ட பதிவுகளில் 73 சதவீதம் உள்ளே திறந்து பார்க்காமலே வாக்களிக்கப்பட்டவை என்று தெரிந்தது. தலைப்பைப் பார்த்து, படத்தைப் பார்த்து, விரல் தட்டிவிடுகிறது. தலைப்பிலேயே முழுதாக முடிந்துவிடும் சரக்கு எது? ஜோக்தான். விரிவான பதிலின் சாரம் தலைப்புக்குள் அடங்காது, அடங்கினால் விரிவாக எழுதவே தேவையிருந்திருக்காது.

அடுத்து, யாரால் முடிவெடுக்க முடியும் என்ற விஷயம். இதற்கு நம்மூரிலேயே உலகம் பார்த்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2019 மே மாதக் கடைசியில் சிவில் இன்ஜினியரிங் படிப்பவர்களுக்கான ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். ஒரு தமிழர், இதன் பெயர் சுத்தியல், தட்டினால் டங் டங் என்று சத்தம் வரும், பெயிண்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலை ஜமீன் மாளிகையில் இதனால்தான் உடைந்தது, பாவம் மனிதர் என்கிற மாதிரி ஒரு பதில் போட்டார். 2001-ல் வந்த ஃப்ரெண்ட்ஸ் படத்தில் வடிவேலு தலையில் சுத்தியல் விழும் காட்சி அது. வேறு யாரோ நேசமணி இப்போது நலமா என்று கேட்க, நம் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். பிரதமர் இரண்டாம் முறை பதவியேற்ற மே 30-ஐ ஒட்டிய அந்த நாட்களில் நேசமணிக்காகப் பிரார்த்திக்கும் ஹேஷ்டேக் இந்திய அளவில் முதலிடத்துக்கும் உலக டிரெண்ட் பட்டியலுக்கும் போனது.

அந்தக் கேள்விக்கு நியாயமான பதில்களும் எழுத முடியும். தச்சர் வைத்திருக்கும் ஆணி பிடுங்கும் சுத்தியலுக்கும், கொல்லர் வைத்திருப்பதற்கும், கொத்தனார் செங்கல் உடைப்பதற்கும் பெயரும் வடிவமும் வேறு வேறு. அந்த வேறுபாட்டைப் படித்துத் தலையாட்ட எத்தனை பேரால் முடியும்? அந்தத் தொழில்களில் இருப்பவர்களால் மட்டும்தான். நேசமணி ஜோக்கைப் புரிந்துகொள்ள அந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் போதும், தமிழ் பேசும் வீடுகளில் அதைப் பார்க்காதவர் குறைவு. ஆழமான பதிலுக்கு வாக்காளர் பட்டியல் சின்னது, ஜோக்குக்கு ஊர் முழுக்க வாக்காளர். இதை நீங்கள் கணக்காகப் பார்த்தாலே போதும், மனம் நோகத் தேவையில்லை.

ஆனால் நேசமணி விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அந்த ஜோக்குக்கு லைக் போட்டவர்கள் வெறுமனே "சிரித்தேன்" என்று சொல்லவில்லை, "எனக்கும் இது தெரியும், நானும் உங்களில் ஒருவன்" என்று சொன்னார்கள். சிரிப்பு எப்போதும் அப்படித்தான். ராபர்ட் ப்ரோவைன் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் கடைத்தெருவிலும் கல்லூரி வளாகத்திலும் மக்கள் இயல்பாகச் சிரிப்பதை நூற்றுக்கணக்கில் குறித்து வைத்து ஆராய்ந்தார். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் இருக்கும்போது மனிதர் சிரிக்க ஏறத்தாழ 30 மடங்கு வாய்ப்பு அதிகம் என்பது அவர் கண்டது. அதைவிட ஆச்சரியம், அவர் குறித்த சிரிப்புகளில் பெரும்பாலானவை ஜோக்குக்குப் பின்னால் வரவே இல்லை, "சரி அப்புறம் பார்க்கலாம்" என்பது மாதிரி சாதாரணப் பேச்சுக்குப் பின்னால்தான் வந்தன. ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் டன்பார் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், பிறரோடு சேர்ந்து நகைச்சுவைக் காணொளி பார்த்துச் சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் அளவு கூடியிருந்தது. உடம்பே பரிசு கொடுக்கிற விஷயம் இது. முகம் தெரியாத ஐம்பதாயிரம் பேர் இருக்கும் குழுவில், இரவு பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டு போனைப் பார்க்கும் ஒருவருக்கு, தான் தனியாக இல்லை என்ற உணர்வை ஒரு நல்ல கமெண்ட் கொடுக்கிறது என்றால் அதற்கு அவர் லைக் போடுவது நியாயமான நன்றிதான். அதைக் கொச்சைப்படுத்த எனக்கு மனமில்லை.

மூன்றாவது, வம்பு. ஜோக்குக்கு லைக் போட்டால் நீங்கள் எதற்கும் கையெழுத்துப் போடவில்லை. விரிவான பதிலுக்குப் போட்டால், அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் ஒப்புதல் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. பதினைந்து வரி எழுதியிருக்கிறீர்கள், பதினான்கு வரி அவருக்குச் சரி, ஒரு வரியில் கந்தகம் என்று வந்துவிட்டது, அவர் இயற்கை விவசாயம் தவிர வேறெதையும் ஏற்காதவர். லைக் கிடையாது. அதற்குப் பதிலாகக் கீழே ஒரு சண்டை வரும். நீளமாக எழுத எழுத, மறுக்க இடமும் கூடிக்கொண்டே போகிறது. இதனால்தான் நல்ல பதில்களுக்குக் கீழே திருத்தமும் வாதமும் நிறைய இருக்கும், லைக் குறைவாக இருக்கும். எழுதியவருக்கு அது தோல்வியாகத் தெரியும். உண்மையில் அந்த வாதம் போட்டவர்தான் உங்கள் பதிலை முழுதாகப் படித்த மனிதர்.

இவ்வளவும் மனித இயல்பு. இதற்கு மேல் இயந்திரம் வேறு வேலை செய்கிறது, அங்கேதான் எனக்குக் கோபம்.

ரெடிட் தன் நிரலை வெளிப்படையாக வைத்திருந்த காலத்தில், பதிவுகளை வரிசைப்படுத்த அது பயன்படுத்திய சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்தது. வாக்கு எண்ணிக்கையின் மடக்கையை (லாகரிதம், எண் பத்து மடங்கானால் ஒன்று மட்டும் கூடும் கணக்கு) எடுத்து அதோடு பதிவிட்ட நேரத்தைக் கூட்டுவார்கள். விளைவு என்னவென்றால் முதல் 10 வாக்குக்கு என்ன எடையோ அதே எடைதான் அடுத்த 90 வாக்குக்கும். பன்னிரண்டரை மணி நேரம் புதியதாக இருந்தால் 10 வாக்கு வாங்கிய பதிவு 100 வாக்கு வாங்கிய பழைய பதிவோடு தோளோடு தோள் நிற்கும். முதல் பத்து வாக்கை யார் வேகமாக வாங்குவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கமெண்டுகளுக்கு அவர்கள் 2009-ல் வேறு முறைக்கு மாறினார்கள், அது நியாயமான முறைதான், தாமதமாக வந்த நல்ல கமெண்டும் மேலே வர வழி செய்தது. ஆனால் அது ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கும். 100 பேர் ஆதரித்து ஒருவரும் எதிர்க்காத ஜோக், 160 பேர் ஆதரித்து 40 பேர் எதிர்த்த விரிவான பதிலுக்கு மேலே நிற்கும். கூட்டிக் கழித்தால் இரண்டாவதுக்குத்தான் வாக்கு அதிகம். இருந்தும் கருத்துச் சொன்ன குற்றத்துக்கு அது கீழே போகிறது.

ஃபேஸ்புக் கதை இன்னும் மோசம். 2016-ல் சிரிப்பு, வியப்பு, சோகம், கோபம் என்று குறிகளைக் கொண்டுவந்தார்கள். 2017-ல் இந்தக் குறி ஒவ்வொன்றையும் ஒரு சாதாரண லைக்கின் ஐந்து மடங்காகக் கணக்கிட்டு, யாருக்கு எதைக் காட்டுவது என்று முடிவு செய்தார்கள் என்பது 2021-ல் அந்த நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஃபிரான்சிஸ் ஹாகன் வெளிக்கொண்டுவந்த உள் ஆவணங்களிலிருந்து உலகத்துக்குத் தெரிந்தது. கோபக் குறி பொய்ச் செய்தியையும் வெறுப்பையும் வளர்க்கிறது என்று கண்டு 2020-ல் அதன் எடையைப் பூஜ்யம் ஆக்கினார்கள். கோபத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள், நான் சிரிப்பைப் பற்றிக் கேட்கிறேன். மிளகாய் இலை பற்றி நிதானமாக எழுதியவருக்கு எந்தக் குறி போடுவீர்கள்? கட்டை விரல்தான், வேறு என்ன இருக்கிறது? "கற்றுக்கொண்டேன்", "செய்து பார்த்தேன், வேலை செய்தது" என்று சொல்ல அங்கே குறியே இல்லை. ஆக, அந்த நாட்களில் ஒரே எண்ணிக்கையில் ஆட்கள் தட்டினாலும் ஜோக் ஐந்து மடங்கு எடையோடு கணக்கில் ஏறியது.

மந்தைப் புத்திதான் காரணம், முதலில் லைக் விழுந்த பக்கம் எல்லோரும் போகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் முழு விளக்கம் ஆகாது. 2013-ல் சயின்ஸ் இதழில் மூச்னிக், ஆரல், டெய்லர் மூவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு செய்திப் பகிர்வுத் தளத்தில் ஐந்து மாத காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கமெண்டுகளை எடுத்து, குலுக்கல் முறையில் சிலவற்றுக்குப் பிறந்ததுமே ஒரு போலி ஆதரவு வாக்கைக் கொடுத்தார்கள். அடுத்துப் பார்த்தவர் ஆதரித்து வாக்களிக்கும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது, இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் ஏறியது. ஆனால் இந்த விளைவு அரசியல், பண்பாடு, வணிகம் ஆகிய பிரிவுகளில்தான் தெளிவாகத் தெரிந்தது, வேடிக்கைப் பிரிவில் தெரியவில்லை. இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். சிரிப்பு வந்ததா என்பதைத் தன் வயிற்றைக் கேட்டே ஒருவர் சொல்லிவிடுவார், பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. கனமான கருத்தில்தான் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறோம். அப்படியானால் முதல் சில மணி நேரத்தில் வாக்கு வாங்க முடியாத நல்ல பதிலுக்கு இரட்டை அடி. அதன் சொந்த பலமும் உடனே தெரியாது, பிறர் வாக்கின் தள்ளுதலும் கிடைக்காது.

பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. மேடையில் கைதட்டல் யாருக்கு அதிகம்? மாமியார் மருமகள் ஜோக் சொன்னவருக்குத்தான். கணீரென்று வாதத்தை அடுக்கியவருக்குக் கூட்டம் அமைதியாகக் காது கொடுக்கும், கை தட்டாது. ஆனால் அங்கே நடுவர் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், தீர்ப்பை அவர் சொல்வார், கைதட்டலை எண்ணிச் சொல்வதில்லை. சிரிப்புக்கு ஒரு கணக்கு, வாதத்துக்கு ஒரு கணக்கு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தார்கள். இணையத் தளங்கள் நடுவர் நாற்காலியை எடுத்துவிட்டு, கைதட்டலையே தீர்ப்பாக்கிவிட்டன.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மேலே என்ன நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் புதிதாக வருபவர் இங்கே எப்படிப் பேச வேண்டும் என்று கற்றுக்கொள்கிறார். பத்து நாள் பார்த்துவிட்டு அவரும் கிண்டலில் இறங்குவார். பொறுமையாக எழுதுகிறவர் சண்டை போட்டுவிட்டு வெளியேற மாட்டார், அவர் எழுதுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்வார், ஒருநாள் நின்றுவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவர் இருந்தார், பூச்சியின் படத்தைப் பார்த்தே எந்தப் பருவம் என்று சொல்லக்கூடியவர். அவர் எழுதுவது நின்று வெகுநாள் கழித்துத்தான் எங்களுக்கே உறைத்தது. அழைத்துக் கேட்டபோது கோபமாக ஒன்றும் சொல்லவில்லை, "யாரும் படிக்கிற மாதிரி தெரியலை தம்பி" என்றார். படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதை அவருக்குக் காட்ட எங்களிடம் ஒரு வழியும் இருக்கவில்லை.

வழி இல்லாமல் இல்லை, சிலர் முயன்றிருக்கிறார்கள். 1997-ல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பத் தளத்தில் வெறும் மேல்வாக்கு கீழ்வாக்கு கிடையாது. வாசகர்களில் சிலருக்கு அவ்வப்போது ஐந்து புள்ளிகள் கொடுப்பார்கள், அதைச் செலவழிக்கும்போது காரணம் சொல்ல வேண்டும்: தகவல் தருகிறது, நுட்பமானது, சுவாரசியம், வேடிக்கை என்று. அதில் அவர்கள் செய்த நல்ல காரியம், வேடிக்கை என்று புள்ளி வாங்கினால் அந்தக் கமெண்ட் மேலே வரும், ஆனால் எழுதியவருடைய நற்பெயர்க் கணக்கில் ஒன்றும் ஏறாது. மேலும், வேடிக்கை வேண்டாதவர் தன் திரையில் மட்டும் அதன் மதிப்பெண்ணைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். சிரிக்க வருபவர் சிரிக்கட்டும், படிக்க வருபவர் படிக்கட்டும் என்று இருவரையும் ஒரே இடத்தில் வைத்திருந்தார்கள். அப்போதும் ஜோக் பிடித்துப்போனவர்கள், பாவம் இவருக்குப் புள்ளி சேரட்டுமே என்று ஜோக்குக்கு "தகவல் தருகிறது" முத்திரை குத்தினார்கள். முழுதாகத் தடுக்க முடியவில்லை, ஆனாலும் நான் பார்த்தவற்றில் அதுவே யோசித்துச் செய்த ஏற்பாடு.

ரெடிட்டில் 2011-ல் தொடங்கிய ஆஸ்க்ஹிஸ்டோரியன்ஸ் என்ற வரலாற்றுக் குழு எதிர்த் திசையில் போனது. கேள்விக்கு நேரடிப் பதிலாக ஜோக் போட்டால் நீக்கிவிடுவார்கள், மேலோட்டமான பதிலையும் நீக்குவார்கள். ஐம்பது கமெண்ட் என்று காட்டும், திறந்தால் எல்லாம் நீக்கப்பட்டிருக்கும், புதியவர் எரிச்சலடைவார். இதைக் காப்பாற்றத் தன்னார்வலர் பட்டாளமே உழைக்கிறது. ஆனால் அவர்கள் சிரிப்புக்குத் தடை போட்டுவிட்டு உட்காரவில்லை, வெள்ளிக்கிழமை தோறும் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று தனி இழை (ஒரு பதிவும் அதன் கீழ் வரும் உரையாடலும்) திறந்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, அந்த வாரம் வந்த நல்ல பதில்களைத் தொகுத்துப் போடுகிறார்கள், யார் கண்ணிலும் படாமல் போனவைக்கும் அங்கே ஒரு வாய்ப்பு. இந்த ஞாயிறு தொகுப்பு மாதிரி ஒன்று எந்தச் சின்னக் குழுவும் செய்யக்கூடியது, செலவு ஒன்றும் இல்லை.

இதற்காக ஜோக்கும் சிந்தனையும் எதிரிகள் என்று நினைத்துவிடாதீர்கள். நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2009-ல் ஒருவர், எச்டிஎம்எல் (இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழி) பக்கத்தை ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளில் ஒரு வடிவத்தைத் தேடும் கருவி) வைத்துப் பிரித்தெடுப்பது எப்படி என்று கேட்டார். வந்த பதில் ஒன்று, முடியாது, அந்தக் கருவிக்கு அடங்கும் வகை மொழியே எச்டிஎம்எல் இல்லை என்று தொடங்கி, வரிக்கு வரி வெறியேறி, கடைசியில் எழுத்துகளே உருக்குலைந்து வழியும் அளவுக்குப் போய் முடிகிறது. நாலாயிரத்துக்கும் மேல் வாக்கு. அது விடாத சிரிப்பு, அதே சமயம் அதன் முதல் வரி தொழில்நுட்பமாகச் சரியான பதில். நேசமணி கமெண்டையும் மறுபடி பாருங்கள், "இதன் பெயர் சுத்தியல்" என்று கேட்ட கேள்விக்குச் சரியான பதிலில்தான் அது தொடங்குகிறது. நிலைத்து நிற்கிற ஜோக்குகள் பலவற்றுக்குள் இப்படி ஒரு பதில் இருக்கும்.

மறுபக்கம், அதே தளத்தில் அதிக வாக்கு வாங்கியவற்றில் ஒன்று முழுக்க விளக்கம் மட்டுமே. வரிசைப்படுத்திய எண்களைக் கணினி ஏன் வேகமாகக் கடக்கிறது என்று 2012-ல் ஒரு கேள்வி. பதில் எழுதியவர் எடுத்ததுமே ஒரு ரயில் சந்திப்பின் படத்தைப் போட்டார். வண்டி வரும் முன்பே எந்தத் தடம் என்று ஊகித்து மாற்றி வைக்க வேண்டிய பணியாளரின் நிலையில் நம் கணினியின் செயலி (புராசஸர்) இருக்கிறது, ஊகம் தவறினால் வண்டியை நிறுத்திப் பின்னால் இழுக்க வேண்டும் என்று விளக்கிவிட்டு, அதன் பிறகுதான் நிரலுக்கும் அளவீட்டுக்கும் போனார். 30,000-க்கும் மேல் வாக்கு. எந்த ஜோக்கும் அந்தத் தளத்தில் அதன் பக்கத்தில் வர முடியவில்லை. என்ன செய்தார்? பொருளை மெலிதாக்கவில்லை. முதல் திரையிலேயே "ஆஹா, புரிந்துவிட்டது" என்ற கணத்தைக் கொடுத்தார். ஜோக் இரண்டு வினாடியில் கொடுக்கும் அதே திருப்தியை அரை நிமிடத்தில் கொடுத்துவிட்டு, மீதியை ஆர்வம் உள்ளவர்களுக்காக வைத்தார்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, ஜோக் சேர்க்க முயலாதீர்கள், அது உங்களுக்கு இயல்பாக வந்தால் ஒழிய. பதிலின் முடிவை முதல் இரண்டு வரியில் வையுங்கள். "மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கி என்றால் சிலந்திப்பேன்" என்பது முதல் வரியாக வந்துவிட்டால், மீதியைப் படிக்காதவரும் ஒன்றைத் தெரிந்துகொண்டு போகிறார், தட்டவும் செய்கிறார். முடிந்தால் ஒரு படம். சர்ச்சை வரக்கூடிய வரியைத் தனிக் கமெண்டாகக் கீழே போடுங்கள், சண்டை அங்கே நடக்கட்டும். கேள்வி வந்த முதல் ஒரு மணி நேரத்தில் சுருக்கமாக ஒன்றைப் போட்டுவிட்டு, பிறகு அதையே திருத்தி விரிவாக்குங்கள். முழுசாகத் தயாரித்துவிட்டு மறுநாள் வந்து போட்டால் யாரும் அங்கே இருக்க மாட்டார்கள்.

எதை எண்ணுவது என்பதையும் மாற்றிக்கொள்ளுங்கள். லைக்கை விட்டுவிட்டு, யாராவது தொடர் கேள்வி கேட்டிருக்கிறார்களா, சேமித்து வைத்திருக்கிறார்களா, வேறொரு கேள்விக்குக் கீழே உங்கள் பழைய பதிலின் இணைப்பை யாராவது ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். நல்ல பதில் தேடலில் வந்து விழுந்துகொண்டே இருக்கும், ஜோக்கை யாரும் அடுத்த வருடம் தேடி வருவதில்லை.

உங்கள் குழு அட்மினிடமும் பேசுங்கள். அந்த அலுவலர் விஷயத்துக்குப் பிறகு நாங்கள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். கேள்வி கேட்டவரை இரண்டு வாரம் கழித்து அதே இழையில் கூப்பிட்டு, என்ன செய்தீர்கள், செடி எப்படி இருக்கிறது என்று கேட்கிறோம். அவர் படம் போட்டதும், எந்தப் பதில் உதவியதோ அதை எழுதியவரின் பெயரைக் குறித்து, குழுவின் மேலே ஒரு வாரம் நிறுத்தி வைக்கிறோம். ஜோக்குகளை நாங்கள் தொடுவதில்லை. ஓய்வுபெற்ற அந்த அலுவலர் இப்போது மறுபடி எழுதுகிறார், நீளமாகத்தான்.